சுவர் கிடைத்துவிட்டது: கேனா, எமல்ஷனா, ஸ்டென்சிலா, பசைத்தாளா?

கல்லூரி விழாவுக்காக ஒரு சுற்றுச்சுவர், தெருமுனைத் தேநீர்க் கடையின் பக்கச்சுவர், ராப் நிகழ்ச்சி மேடைக்குப் பின்னால் நிறுத்தும் பிளைவுட் தடுப்பு, நண்பர் கடையின் ஷட்டர். இடம் எதுவானாலும் அனுமதி கிடைத்த மறுநாள் வரும் கேள்வி ஒன்றுதான்: கிராஃபிட்டி (சுவரில் வரையும் எழுத்தோவியம்) என்றால் ஸ்பிரே கேன்தானே, அதையே மொத்தமாக வாங்கிவிடலாமா? எமல்ஷனும் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) பிரஷ்ஷும் போதாதா? தாளில் உருவத்தை வெட்டி அந்த ஓட்டை வழியே பெயின்ட் அடிக்கும் ஸ்டென்சில் என்றால் மலிவாக முடியுமா? காகிதத்தில் அச்சடித்து ஒட்டிவிட்டால் என்ன?

பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் பூசப்பட்ட சிமென்ட் சுவர் என்றால், பரப்பை நிரப்ப எமல்ஷன், கோட்டுக்கும் நிழலுக்கும் மட்டும் கேன் என்ற கூட்டு முறைதான் பத்தில் ஏழு பேருக்குப் பொருந்தும். மீதி மூன்று பேருக்கு அது தவறான தேர்வு. அந்த மூன்று பேரில் நீங்கள் ஒருவரா என்று பார்ப்பதற்குத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது சுவரின் மேற்பரப்பு. பெரும்பாலானோர் இதைத்தான் கடைசியில் பார்க்கிறார்கள். ஓவியம் உதிர்ந்ததும் பெயின்டைத் திட்டுவார்கள். பத்துக்கு ஒன்பது முறை குற்றம் சுவருடையது. கடைக்குப் போவதற்கு முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்போ பழைய டிஸ்டெம்பரோ அடித்த சுவர். அதன்மேல் எதை அடித்தாலும் பெயின்ட் சுவரைப் பிடிக்காது, பொடியைத்தான் பிடிக்கும். காய்ந்து இறுகும்போது பொடியோடு சேர்ந்து தகடு தகடாகக் கழன்று வரும். சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, பிரைமர் அடிக்காமல் அந்தச் சுவரைத் தொடக் கூடாது.

இரண்டாவது, ஓதம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்துக்கள் இருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. அதன்மேல் வரைந்தால் உப்புப் பூத்து, கொப்புளம் எழும்பி, நிறம் வெளிறும். தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரம் வரை மட்டும் ஈரம் ஏறும் சுவர்கள் நம் ஊரில் ஏராளம். அப்படியானால் ஓவியத்தை இரண்டடி மேலே தூக்கிவிடுவதே சிக்கனமான தீர்வு. புதிதாகப் பூசிய சுவராக இருந்தால் குறைந்தது 28 நாள் ஆறவிட வேண்டும். ஆறாத சிமென்டின் காரத்தன்மை சில நிறங்களை, முக்கியமாக ஊதாவையும் பளீர் இளஞ்சிவப்பையும், தின்றுவிடும்.

மூன்றாவது, செலோடேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுப்பது. பழைய பெயின்ட் டேப்போடு வந்தால் அது எப்படியும் உதிரப்போகிற பெயின்ட். இப்போதே சுரண்டி எடுத்துவிடுங்கள்.

மேற்பரப்புக்கு அடுத்தது ஆயுள். ஒரு நாள் நிகழ்ச்சிக்கா, ஓராண்டுக்கா, ஐந்தாண்டுக்கா? அதற்கடுத்து, என்ன வரையப் போகிறீர்கள்: எழுத்தா, முகமா, ஒரே சின்னம் ஐம்பது இடத்திலா? எத்தனை கைகள், எத்தனை நாள் என்பதும் கணக்கில் வரும். பிரஷ் பிடிக்கப் பத்து மாணவர்களுக்கு அரைமணியில் சொல்லித்தரலாம். கேன் பிடிக்கச் சொல்லித்தர முடியாது, அது கை பழகி வருவது. உயரம் பத்தடியைத் தாண்டினால் கணக்கே மாறும். அதைப் பிறகு பார்க்கலாம்.

## ஸ்பிரே கேன்

1970களின் தொடக்கத்தில் நியூயார்க் ரயில் பெட்டிகளில் பெயர் எழுதிய இளைஞர்களுக்கென்று யாரும் தனியாகப் பெயின்ட் தயாரிக்கவில்லை. ஹார்டுவேர் கடையில் கிடைத்த கிரைலான், ரஸ்ட்-ஓலியம் கேன்கள்தான். கோடு தடிமனாக வர வேண்டுமென்றால் வேறு வீட்டு உபயோக ஸ்பிரேக்களின் மூடியை, அதாவது அழுத்தினால் பீய்ச்சும் முனையை, கழற்றி மாட்டிக்கொண்டார்கள். இதற்கென்றே பெயின்ட் செய்யும் நிறுவனங்கள் பிறகுதான் வந்தன. பார்சிலோனாவின் மொன்டானா கலர்ஸ் 1994-இல் தொடங்கியது. இந்தப் பழங்கதை ஏன் என்றால், இன்று நம் ஊர் வாங்குபவரும் அதே முச்சந்தியில்தான் நிற்கிறார். ஹார்டுவேர் கடைக் கேன் ஒரு பக்கம், கலைஞர்களுக்கான இறக்குமதிக் கேன் மறுபக்கம். பார்வைக்கு இரண்டும் 400 மி.லி. தகர உருளைதான்.

ஹார்டுவேர் கடைக் கேன் பைக், கிரில் கதவு, மேசை நாற்காலிக்காகச் செய்யப்பட்டது. பளபளப்பாகக் காயும், நீர்த்திருக்கும், சிவப்பும் மஞ்சளும் அடியிலிருப்பதைக் காட்டிக்கொடுக்கும். செங்குத்தான சுவரில் ஒரு நொடி கூடுதலாக நின்றால் வழியும். கலைஞர் கேனில் நிறமி அதிகம், மேட்டாக, அதாவது பளபளப்பில்லாமல், காயும், குறைந்த அழுத்தத்தில் வருவதால் கோடு கையில் நிற்கும், மூடியை மாற்றி மாற்றிப் போடலாம். விலை இரண்டு மூன்று மடங்கு. ஆனால் மறைக்கும் திறனையும் கணக்கில் எடுத்தால், வெளிர் நிறத்தை அடர் நிறத்தின் மேல் போடும் வேலையில் கலைஞர் கேனே மலிவாக முடியும். கறுப்புக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு இல்லை. கறுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளூரில் வாங்கலாம்.

மூடி வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். சில கேன்களில் நடுத்தண்டு கேனிலேயே நீட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் தண்டு மூடியோடு வரும். ஒன்றுக்கானது மற்றதில் பொருந்தாது. இருபது மூடியை இணையத்தில் வாங்கிவிட்டு உள்ளூர்க் கேனில் மாட்டிப் பார்த்து விழிப்பவர்கள் நிறைய.

மெல்லிய மூடியில் கோடு ஒன்று முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரும். தடி மூடியில் பத்து சென்டிமீட்டருக்கு மேலும் போகும். தமிழில் எழுதுபவர்களுக்கு இது முக்கியமான எண். ண-வில் மூன்று சுழி. கோடு பத்து சென்டிமீட்டர் என்றால் சுழியின் உள்ளே காலி இடமும் அதே அளவாவது வேண்டும். ஆக ஒரு சுழிக்கு முப்பது சென்டிமீட்டர், எழுத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் அகலம். அதைவிடச் சின்னதாகத் தடி மூடியில் எழுதினால் சுழி அடைத்துக்கொண்டு எழுத்து ஒரு கட்டியாகத் தெரியும். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பழகிய கை இந்த இடத்தில்தான் தடுமாறும். இன்னொரு பக்கம், தோளிலிருந்து கையை வீசி ஒரே மூச்சில் ழ, ஞ போடும் ஓட்டம் பிரஷ்ஷுக்கு வராது. மெய்யெழுத்தின் புள்ளியோ மூடியை ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும். அரை நொடிக்கு மேல் அழுத்தினால் அந்தப் புள்ளிக்குக் கண்ணீர் வழியும், அவ்வளவுதான்.

தவறுவது எங்கே? வழிவது முதல் தவறு: மிக அருகில், மிக மெதுவாக, ஒரே இடத்தில். வழிந்ததைத் துடைக்காதீர்கள், பரவும். காயவிட்டு மேலே மூடுங்கள். அடுத்தது வெயில். மேற்குச் சுவரில் மே மாதப் பிற்பகலில் அடித்தால் துளிகள் சுவரைத் தொடும் முன்பே பாதி காய்ந்து, உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு வரும். சென்னையில் மதியத்துக்குப் பிறகு கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். உங்கள் நீலம் பக்கத்து வீட்டுக் காரில் போய்ப் படியும். விடிந்ததிலிருந்து பத்து மணி வரைதான் கேனுக்கு நல்ல நேரம். கேனை இரண்டு நிமிடம் முழுதாகக் குலுக்குங்கள். குறைத்தால் முதலில் கரைப்பானும் கடைசியில் கட்டியும் வரும். முடித்ததும் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும்வரை அடித்தால் மூடி அடைக்காது. ஸ்கூட்டர் டிக்கியில் வெயிலில் விட்டு வைக்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் கேன் வெடிக்கும் பொருள்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முதலாவது முகமூடி. துணியோ என்95-ஓ துகளைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் துகள் வடிகட்டியும் சேர்ந்த அரைமுக மாஸ்க் வேண்டும், அடிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று. இரண்டாவது போக்குவரத்து. கேனுக்குள் இருப்பது எரிவாயு. விமானப் பையிலும் ரயிலிலும் எடுத்துப்போக முடியாது, தரைவழிப் பார்சலாகத்தான் வரும். இறக்குமதிக் கேன் வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். விழாவுக்கு முந்தைய வாரம் ஆர்டர் போட்டவர்கள் கடைசியில் ஹார்டுவேர் கடைக்குத்தான் ஓடுகிறார்கள்.

கேனே சிறந்தது எங்கே: இரும்பு ஷட்டர், பிளைவுட், பழகிய கை, ஒரே நாளில் முடிய வேண்டிய வேலை, பார்வையாளர் முன்னால் வரையும் நிகழ்ச்சி. ஷட்டரில் எமல்ஷன் ஒட்டாது. மேலும் கீழும் உருளும்போது உரிந்துவிடும். உப்புத்தாள் போட்டு, தின்னரில் துடைத்து, மெட்டல் பிரைமர் அடித்து, கேனில் வரையுங்கள். ஒரு எச்சரிக்கை: ஷட்டரில் புதிதாக எனாமல் அடித்திருந்தால் சில வாரம் விடுங்கள். அரைகுறையாகக் காய்ந்த எனாமலின் மேல் ஸ்பிரேயின் கரைப்பான் பட்டால் அடிப்பூச்சு சுருங்கி எழும்பும்.

## வெளிப்புற எமல்ஷனும் பிரஷ்ஷும்

தேர்தல் சுவரெழுத்துக்காரர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. வெள்ளை அடித்து, நூல் அடித்துக் கோடு இழுத்து, தட்டைப் பிரஷ்ஷால் இரண்டடி எழுத்தை அளவு பிசகாமல் நிறுத்தி, நிழல் கொடுத்து அடுத்த சுவருக்குப் போய்விடுவார்கள். கிராஃபிட்டியில் முப்பரிமாண நிழல் என்று இன்று கற்றுக்கொள்வதை இவர்கள் கேன் இல்லாமலே செய்து காட்டியவர்கள். ஊரில் அப்படி ஒருவர் இன்னும் தொழிலில் இருந்தால் ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட வைத்துக்கொள்ளுங்கள். இருபது கேன் மிச்சப்படுத்தித் தருவார்.

வாங்கும்போது 'வெளிப்புற' என்ற சொல்லைப் பிடிவாதமாகக் கேளுங்கள். உட்புற எமல்ஷன் ஒரு மழைக்காலத்தில் பாசி பிடித்து மாவாகும். பிரைமர் அடித்த சுவரில் ஒரு லிட்டர் நல்ல வெளிப்புற எமல்ஷன் இரண்டு முறை அடிக்க 50 முதல் 60 சதுர அடி வரும். சொரசொரப்பான பூச்சு என்றால் 40 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை அடித்ததற்கும் அடுத்ததற்கும் நான்கு மணி நேர இடைவெளி.

நிறத்துக்கு இரண்டு வழி. கடையின் கலவை இயந்திரத்தில் ஷேட் எண் சொல்லி வாங்குவது, அல்லது வெள்ளையில் ஸ்டெய்னர் (குப்பியில் வரும் அடர் நிறக் கரைசல்) கலப்பது. ஸ்டெய்னர் மலிவு என்று குப்பி குப்பியாக ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. லிட்டருக்கு 40, 50 மி.லி.க்கு மேல் போனால் பெயின்ட் சரியாக இறுகாது, மழையில் நிறம் ஒழுகும். வெள்ளையில் எவ்வளவு ஊற்றினாலும் இளஞ்சிவப்புதான் வரும், ரத்தச்சிவப்பு வராது. அடர் நிறங்களை இயந்திரத்திலேயே வாங்குங்கள். மஞ்சளும் சிவப்பும் மறைக்கும் திறன் குறைந்தவை. அடியில் வெள்ளை இருந்தால்தான் பளிச்சென்று தெரியும்.

எமல்ஷனின் பெரிய பலம் ஆயுள். நல்ல பிரைமரின் மேல் நான்கைந்து ஆண்டு நிற்கும். காவி, மண்சிவப்பு, கறுப்பு, வெள்ளை ஆகியவை வெயிலைத் தாங்கும். ஃபுளோரசன்ட் நிறங்கள் எந்த டப்பாவிலிருந்து வந்தாலும் சில மாதங்களில் வெளிறும். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை ஏசியன் பெயின்ட்ஸுடன் சேர்ந்து ஓவியங்களைக் கொண்டுவந்தபோது பலரும் கவனித்தது முகங்களின் அளவை. வரைபவர்கள் கவனிக்க வேண்டியது, ஒரு குடியிருப்பின் சுவர் என்பது மழைநீர்க் குழாயும் ஜன்னலும் துணிக்கொடியும் உள்ள சுவர் என்பதை. அங்கே வாழ்பவர்கள் அதை ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு ஆயுள்தான் முதல் அளவுகோல்.

பலவீனம், மென்மையான நிறமாற்றம். நீலத்திலிருந்து ஊதாவுக்குக் கரைந்து போகும் வானத்தைக் கேன் பத்து நிமிடத்தில் கொடுக்கும். பிரஷ்ஷில் ஈரம் காய்வதற்குள் இழைக்க வேண்டும். நம் வெயிலில் அந்த ஈரம் ஐந்து நிமிடம்கூட நிற்காது. அடுத்தது விளிம்பு. பத்து மாணவர்கள் நிரப்பினால் பத்து விதமான விளிம்பு வரும்.

ஓர் எச்சரிக்கை: அளவுக்கோட்டை மார்க்கர் பேனாவால் போடாதீர்கள். இரண்டு கோட் எமல்ஷனைத் தாண்டியும் அது ஊறி மேலே வரும். சாக்பீஸ் போதும்.

## ஸ்டென்சில்

பாரிஸில் 1981-இல் பிளெக் ல ரா என்ற கலைஞர் எலி உருவங்களைச் சுவரில் அடிக்கத் தொடங்கியதிலிருந்து பிரிட்டனின் பேங்க்ஸி வரை ஸ்டென்சில்காரர்கள் சொல்லும் நியாயம் ஒன்றே: வேலையெல்லாம் வீட்டில், சுவரில் சில நிமிடம். அனுமதி பெற்று வரைபவருக்கு அந்த அவசரம் இல்லை. அவருக்கு ஸ்டென்சிலின் பயன் வேறு: ஒரே உருவம் பல இடங்களில் பிசகாமல் வரும்.

தாளுக்கு 175 முதல் 250 மைக்ரான் பிளாஸ்டிக் தாள் நல்லது. பழைய எக்ஸ்ரே படமும் ஆகும். சார்ட் அட்டை ஐந்தாறு முறைக்கு மேல் அடித்தால் தாங்காது, ஊறி விளிம்பு சுருளும்.

தமிழ் எழுத்தை வெட்டுபவருக்கு ஒரு சங்கடம். ட, ப, ய, ர திறந்த எழுத்துகள், அப்படியே வெட்டலாம். க, ம, வ, ண, ன இவற்றில் மூடிய கண் உண்டு. பாலம் விடாமல் வெட்டினால் கண் கழன்று கீழே விழும், எழுத்து ஓட்டையாகும். ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு பாலம், ஒவ்வொன்றும் குறைந்தது அரை சென்டிமீட்டர். ஒரே பக்கத்தில் விடாமல் எதிரெதிராக விட்டால் கண் ஆடாது. பாலத்தை எழுத்தின் தடிமன் குறையும் இடத்தில் வைத்தால் வடிவமைப்பு போலவே தெரியும். கணினியில் எழுத்துருவைத் தட்டி அப்படியே வெட்டக் கொடுப்பவர்கள் இதை மறந்துவிட்டுப் பிறகு கண்களைப் பொறுக்கி டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

அடிக்கும்போது கேனைச் சுவருக்கு நேர்ச்செங்குத்தாக, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிய இரண்டு மூன்று வீச்சு. சாய்த்துப் பிடித்தால் பெயின்ட் தாளின் அடியில் புகுந்து விளிம்பு மங்கும். சொரசொரப்பான சுவரில் எப்படிப் பிடித்தாலும் கொஞ்சம் புகும். சுவர் வழவழப்பாக இல்லையென்றால் நுண்ணிய ஸ்டென்சிலை மறந்துவிடுங்கள். கேனே இல்லாமலும் செய்யலாம்: ஸ்பாஞ்சிலோ சின்ன ரோலரிலோ எமல்ஷனைத் தொட்டு, அட்டையில் உருட்டி வடியவைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் ஒற்றி எடுங்கள். பள்ளிப் பிள்ளைகளோடு செய்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். முகமூடிச் செலவு இல்லை, கையும் தண்ணீரில் கழுவினால் போகும்.

மறைந்த செலவு நேரம். மூன்று நிற முகம் என்றால் மூன்று தாள், வெட்ட முழுதாக ஒரு நாள். ஒரே இடத்தில் ஒரே முறை அடிப்பதற்கு இது வீண்வேலை. பத்து இடத்துக்கு மேல் என்றால் வேறெதுவும் இதன் அருகில் வராது.

## பசைத்தாள்

சுவரொட்டி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டபுள் கிரவுன் அளவு, அதாவது 20-க்கு 30 அங்குலத் தாளை இணைத்து இணைத்து ஒரு முகத்தைச் சுவரளவு பெரிதாக்கலாம், பிரான்ஸின் தெருக்கலைஞர் ஜே.ஆர். கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களை உலகெங்கும் இப்படித்தான் ஒட்டிவருகிறார்.

மைதா 100 கிராமைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் அரை லிட்டர் தண்ணீரில் ஊற்றி, கண்ணாடி போல் ஆகும்வரை நான்கைந்து நிமிடம் கிளறினால் பசை. இரண்டு நாளுக்கு மேல் புளிக்கும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் உண்டு. தெருவில் ஒட்டும் தாளுக்கு அது வேண்டவே வேண்டாம். நம் தெருவில் சுவரொட்டியைத் தின்ன மாடு வரும், துத்தம் நஞ்சு. தாள் 60, 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும், தடித்த ஆர்ட் பேப்பர் காய்ந்ததும் ஓரம் சுருளும். இங்க்ஜெட் அச்சு பசை பட்டால் கரையும், லேசர் அல்லது ஆஃப்செட் அச்சு கரையாது. நனைந்த தாள் நீளும், அதனால் இணைப்பில் ஒரு சென்டிமீட்டர் மேலேற்றி ஒட்டுங்கள்.

வெயில்காலத்தில் சில வாரம், மழை வந்தால் ஓரிரு நாள். நிகழ்ச்சி மேடைத் தடுப்புக்கும், பெயின்ட் அடிக்க உரிமையாளர் தயங்கும் சுவருக்கும் இது சரி. ஆனால் கிழித்த பிறகு பசைத் தடம் நிற்கும். வெந்நீர் ஊற்றிச் சுரண்டிக் கழுவும் வேலையும் உங்களுடையதே.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஸ்பிரே கேன் | வெளிப்புற எமல்ஷன் | ஸ்டென்சில் | பசைத்தாள் |
|---|---|---|---|---|
| பொருந்தும் பரப்பு | ஷட்டர், பிளைவுட், பிரைமர் அடித்த சுவர் | சிமென்ட் சுவர் | வழவழப்பான எதுவும் | உறுதியான, பொடி உதிராத சுவர், பிளைவுட் |
| ஆயுள் | இரண்டு மூன்று ஆண்டு | நான்கைந்து ஆண்டு | அடித்த பெயின்டைப் பொறுத்து | நாட்கள் முதல் வாரங்கள் |
| கைப்பழக்கம் | மிக அதிகம் | நடுத்தரம் | வெட்டுவதில் மட்டும் | குறைவு |
| சுவரில் ஆகும் நேரம் | ஒரு நாள் | இரண்டு மூன்று நாள் | நிமிடங்கள் | ஒன்றிரண்டு மணி நேரம் |
| மறைந்த செலவு | முகமூடி, மூடிகள், பார்சல் காத்திருப்பு | பிரைமர், பட்டி, காயும் நேரம் | வெட்டும் நாள் | அச்சுக்கூலி, பின்னால் சுத்தம் செய்வது |
| பெரும்பாலும் கெடுவது | வழிதல், வெயில், காற்று | ஓதம், அதிக ஸ்டெய்னர் | அடியில் புகுதல் | மழை, மாடு |

## கூட்டு முறை: 20-க்கு 10 அடிச் சுவரில் கணக்கு

விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் எண்ணிக்கையில் பார்ப்போம். 200 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 18.6 சதுர மீட்டர். நடுவில் பெரிய எழுத்துகள் 11 சதுர மீட்டரை அடைக்கின்றன, மீதி பின்னணி.

முழுக்கக் கேனில் செய்தால்: ஒரு கேன் நல்ல பரப்பில் 2 சதுர மீட்டர் வரும் என்பார்கள், நம் சிமென்ட் பூச்சில் ஒன்று, ஒன்றரைதான். எழுத்தை நிரப்ப 8 முதல் 11, முப்பரிமாண நிழலுக்கு 3, வெளிக்கோட்டுக்கு 3, மினுக்கு வெள்ளைக்கு 1, பின்னணிக்கு 5 அல்லது 6. ஆக 20 முதல் 24 கேன். இது பிரைமர் அடித்த சுவருக்கு. வெறும் பூச்சின் மேல் அடித்தால் முதல் ஐந்து கேனைச் சுவரே குடித்துவிடும்.

கூட்டு முறையில்: பிரைமர் 3 லிட்டர், பின்னணிக்கு எமல்ஷன் 4 லிட்டர், எழுத்து நிரப்ப நான்கு நிறத்தில் ஒவ்வொன்றும் ஒரு லிட்டர், வெளிக்கோட்டுக்கு 3 கேன், நிழல் கரைக்க 2, வெள்ளை 1, கைக்காவலாக 1. மொத்தம் 7 கேன்.

இது மலிவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சுவரெழுத்துக்காரர் வெளிக்கோட்டை முதலில் போட்டு உள்ளே நிரப்புவார். கிராஃபிட்டியில் நேர்மாறு: மங்கலான அளவுக்கோடு, நிரப்பல், நிழல், அதற்குப் பிறகே இறுதி வெளிக்கோடு. அந்த வரிசையைக் கூட்டு முறையில் பிடித்துக்கொண்டால், பத்து மாணவர்கள் ரோலரால் நிரப்பிய பத்து விதக் கோணல் விளிம்பும் ஐந்து சென்டிமீட்டர் ஸ்பிரே கோட்டின் அடியில் மறைந்துவிடும். நிரப்புபவர்களிடம் அளவுக்கோட்டைக் கொஞ்சம் தாண்டியே அடிக்கச் சொல்லுங்கள். கோட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டால் இடையில் வெள்ளை இடுக்கு தெரியும். கேன் பழகிய கை அணியில் ஒன்று இருந்தால் போதும், அதைக் கடைசி நாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எமல்ஷன் ஓர் இரவு முழுக்கக் காய்ந்த பிறகே கேனைத் தொடுங்கள். மேட் எமல்ஷனின் மேல் ஹார்டுவேர் கடைக் கேன் போட்டால் கோடு மட்டும் பளபளத்துப் படத்தில் வெளிச்சம் அடிக்கும்; வெளிக்கோட்டுக்காவது மேட் கேன் வாங்குங்கள்.

## எந்த முறையானாலும் வரும் செலவுகள்

அனுமதி எழுத்தில் இருக்கட்டும். தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் உருக்குலைவுத் தடுப்புச் சட்டம் 1959-இலிருந்தே இருக்கிறது. பொதுப் பார்வையில் படும் சுவரில் அனுமதியில்லாமல் எழுதினாலும் ஒட்டினாலும் வழக்கு வரும். அனுமதிக் கடிதத்தில் உரிமையாளர் பெயர், சுவரின் அளவு, எத்தனை மாதம் அழிக்காமல் வைப்பது, அழிக்குமுன் தகவல் சொல்வது இவை இருக்க வேண்டும். வாடகைக்காரர் 'சரி' என்றது அனுமதி ஆகாது.

உயரம் பத்தடியைத் தாண்டினால் சாரம் வரும். சவுக்குக் கட்டைச் சாரம் மலிவு, ஆனால் கட்டைகள் ஓவியத்தின் குறுக்கே நிற்கும். சாரத்தில் நின்றபடி முழுப் படத்தைப் பார்க்கவும் முடியாது. கீழே ஒருவர் நின்று கைபேசியில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரம் வைத்த இரும்புச் சாரம் தளம் சமமாக இருந்தால் மட்டும். மூன்று மாடிக்கு மேல் லிஃப்ட் வண்டி வாடகை பெயின்ட் செலவையே விழுங்கும். அங்கே ஒரு நாள் குறைத்தால் பெரிய மிச்சம் என்பதால் கேனின் வேகத்துக்கு விலை கொடுக்கலாம்.

காலமும் கணக்கில் வரும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதில் வெளிச்சுவரைத் தொடாதீர்கள். பொங்கலுக்குப் பிறகு சுவர் காய்ந்து, பிப்ரவரி மார்ச்சில் வெயிலும் கொல்லாமல் இருக்கும் நாட்கள்தான் எல்லா முறைக்கும் ஏற்றவை.

மேலே கிளியர் வார்னிஷ் அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஓதம் ஏறும் சுவரில் கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் படத்தோடு சேர்த்துத் தள்ளிவிடும். மலிவான வார்னிஷ் வெயிலில் மஞ்சளாகவும் ஆகும். அந்தப் பணத்தில் ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டர் கூடுதலாக வாங்கி, டப்பா மூடியில் ஷேட் எண்ணையும் தேதியையும் எழுதி, இறுக்கி மூடி நிழலில் வைத்துவிடுங்கள். ஒரு மழைக்காலம் கழித்துச் சைக்கிள் ஹேண்டில் உரசிய இடத்தையும் யாரோ 'ஐ லவ் யூ' கிறுக்கிய இடத்தையும் அரை மணியில் சரிசெய்ய அது வேண்டும்.